புலி வீட்டுச் சம்பந்தம்

“இந்தச் சம்பந்தம் வேண்டாம் கேதகி,” என்றார் பாண்டுரங்க சித்தப்பா.

அவர்கள் வாக் குடும்பம். மராத்தியில் வாக் என்றால் புலி. மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் லாண்ட்கே, அதாவது ஓநாய்.

“புலின்னு இருந்த பேரை ஓநாய்னு மாத்திக்கணுமா? ஒருத்தனைத் திட்டத்தானே நாம ஓநாய்னு சொல்வோம்?”

கேதகி சந்திரபூர் காட்டில் வனக்காவலர். “பேச்சுல அப்படித்தான் சித்தப்பா. காட்டுல வேற மாதிரி. ஆண் புலி குட்டிகளைத் தாய்கிட்ட விட்டுட்டுத் தன் வழியே போயிடும். ஆண் ஓநாய்தான் கூடவே இருந்து இரை கொண்டுவந்து கொடுக்கும்.”

“அது மிருகம்மா.”

“அப்பாவும் விவாகரத்து வாங்கிட்டுப் போனவர்தானே? போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ரெண்டு வேளையும் பாக்ரி ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது லாண்ட்கேதான்.”

தன் அண்ணன் செய்த காரியத்தை நினைத்தால் சித்தப்பாவுக்கு இன்றைக்கும் கூச்சம்தான். அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“வெளியே வாங்க அண்ணி. உங்க கல்யாணப் புடவையை நான்தான் எடுப்பேன். என்ன நிறம் வேணும்?”

“பச்சை,” என்றாள் கேதகியின் அம்மா, உள்ளேயிருந்தே.