மலை இறங்கிய உயிர்

“மூச்சு இருக்கான்னு பாருங்கண்ணே!” என்று பதறினான் சாமிதுரை.

வலங்கைமான் போகும் டவுன் பஸ்ஸில், மடியிலிருந்த வாளியின் ஈரத்துணியை விலக்கிப் பார்த்தார் பஞ்சநதம். “இருக்குய்யா. ஆனா சோந்து கெடக்கு. பாடைகட்டி மாரியம்மா, எப்படியாவது ஊரு போய்ச் சேத்துடு தாயே!”

என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மாள், “கர்மம், தேரையா!” என்று எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள்.

தேரைதான். ஆனால் லேசுப்பட்ட தேரை இல்லை. மேற்கே மலை உச்சியில், ஓடைப் பாறைக்கு அடியில் மட்டும் வாழ்கிற அபூர்வ ஜாதி.

எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி இவர்களுடைய நஞ்சையைக் கேட்கிறது. அந்தக் காலக் கூலிச் சண்டையில் எதிரெதிரே நின்ற மிராசுதார் வீட்டுப் பஞ்சநதமும் பண்ணையாள் வீட்டுச் சாமிதுரையும் இன்று ஒரே போராட்டப் பந்தலில். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மனுவை வாங்கிக்கொண்டதோடு சரி.

அழிந்துவரும் உயிர் இருக்கிற இடத்தைத் தோண்ட விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பேப்பரில் படம் பார்த்த தேரையைத் தேடி இருவரும் மலையேறிவிட்டார்கள். ஓடையெல்லாம் துழாவியும் கிடைத்தது இது ஒன்றுதான்.

“அண்ணே, அந்த மலைச் சனமும் பந்தல் போட்டு உக்காந்திருந்துச்சே. நமக்குக் கூழெல்லாம் ஊத்துனாங்க. என்னா கஷ்டம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“திருட வந்த எடத்துல ஊர்க்கதை கேக்கச் சொல்றியா? அவங்க பாட்ட அவங்க பாத்துக்குவாங்க. பேசாம வாய்யா.”

சொல்லிவிட்டாரே தவிர, மலை இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மீன்கடை ஐஸை உருக்கி ஊற்றியே ஒரு வாரம் தேரையைப் பிழைக்க வைத்தார்கள். தோண்ட அனுமதிக்கலாமா என்று பார்த்துச் சொல்ல, அரசாங்கம் அனுப்பிய ஆய்வாளர் மங்களாம்பிகை ஜீப்பில் வந்து இறங்கினார்.

“மேடம், எங்க வாய்க்கால்ல என்னா இருக்குன்னு பாருங்க!”

வரப்பில் குத்துக்காலிட்டுத் தேரையை உள்ளங்கையில் ஏந்திய மங்களாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ, உயிரோட இருக்கா!”

பலித்துவிட்டது என்று பஞ்சநதம் சாமிதுரையின் கையைப் பிடித்து அழுத்தினார்.

“எங்கேருந்து கொண்டாந்தீங்க?”

“இங்கதாங்க, நம்ம வாய்க்கால்...”

“பொய் சொல்லாதீங்க பெரியவரே. இது மலைய விட்டு எறங்காது. இந்த வெயில்ல ஒரு மாசம்கூடத் தாங்காது.”

தலைநரைத்த மனுசன், மகள் வயதுப் பெண்ணிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார். அவமானம் பிடுங்கித் தின்றது.

சாமிதுரைதான் கும்பிட்டான். “மலையிலேருந்து திருடிட்டுத்தாம்மா வந்தோம். நெலம் போச்சுன்னா சோத்துக்கு வழியில்ல. வேற தெரியல. இப்பவே கொண்டுபோயி விட்டுடுறோம்மா.”

மங்களாம்பிகை மற்றக் கையையும் தேரையின் மேல் குவித்து வெயிலை மறைத்தார்.

“எங்க விடுவீங்க? இது அங்க இல்லவே இல்லேன்னு, அந்த மலைய ஒடைக்க நேத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.”