மெயின் சுவிட்சில் ஒரு கை

மூத்த மருமகளின் கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் இளையவள்.

"நீங்கதானாக்கா? இத்தனை நாளா கரன்ட்டை நிறுத்தினது நீங்கதானா?"

சமையலறை ஓவனுக்குள் பாதி வெந்த கேக் அமுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்கள். இதுவும் போச்சு என்றால், இனி ஒருத்தரும் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

கணவன் முதலிலேயே சொன்னான். "அண்ணிக்கு வயித்தெரிச்சல். நீ சொந்தமா தொழில் பண்றது பொறுக்கலை." இவள்தான் நம்பவில்லை. ஓரகத்தி என்றா நினைத்தாள், கூடப் பிறந்த அக்கா என்றல்லவா நினைத்திருந்தாள்!

அவன் தங்கம். ஓவன் வாங்கியதும், "எலக்ட்ரீஷியன் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்று, மூத்தவள் அறை வழியாகத் தானே ஒயர் இழுத்தான். ஃபியூஸ் அடிக்கடி போனபோதும் என்னவோ செய்துவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் போகாது" என்றான்.

போகவும் இல்லை. அப்படியும் கரன்ட் நின்றால் யாரோ நிறுத்துகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

போதாக்குறைக்கு, ஓவன் போட்டாலே மூத்தவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "ஏதோ தீயுற வாடை வரலை உனக்கு?" தன் கேக்கைத்தான் நக்கலடிக்கிறாள் என்று இளையவள் உள்ளுக்குள் பொருமுவாள்.

"உங்களை எவ்வளவு நம்பினேன்! கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே!" சொல்லும்போதே அழுகை முட்டியது.

மூத்தவள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். ஜன்னல் ஓரத் திரையை விலக்கினாள். ஒயர் ஓடிய பிளாஸ்டிக் பட்டி பழுப்பேறி, உருகி, நெளிந்து கிடந்தது. சுவரில் கரி படிந்திருந்தது. நாலடி தள்ளி மூத்தவளின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பல்புக்குப் போடுற மெல்லிசு ஒயர். ஓவனைத் தாங்குமா? ஃபியூஸுலயும் தடிக் கம்பியை முறுக்கி வெச்சாச்சு. வீடே பத்திக்கிட்டாலும் அது போகாது. மாத்துங்க மாத்துங்கன்னு நானும் கரடியாக் கத்திட்டேன்."

இளையவள் கரி படிந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "யார்கிட்டக்கா கத்தினீங்க? அவருக்கு இது தெரியவே தெரியாதே!"

மூத்தவள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, தீயுற வாடை வந்தா மெயினை நிறுத்தச் சொன்னதே உன் புருஷன்தான்டி."