பிரிக்காத அச்சு

"அஞ்சு வருசமா ஆளுறவுக சொன்னதுல ஒண்ணாவது நெசமா? குழாய்த் தண்ணி வந்துச்சா? நாங்க சொன்னாச் செய்வோம்! இந்த நோட்டீசு சாயங்காலத்துக்குள்ள வேணும்."

சிவகாசி அச்சகத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் கொதித்தார்.

அச்சுக்கோக்கும் ஆண்டிச்சாமி தாளைப் படித்தார். குடிநீர்க் குழாய், ஆஸ்பத்திரி, பாலம். தினமும் மூன்று மைல் நடந்து தண்ணீர் சுமக்கும் மனைவி மாடத்தி நினைவுக்கு வந்தாள். எரிச்சலோடு உள்ளே போனார்.

வேட்பாளர் டீ குடித்து முடிப்பதற்குள் நோட்டீசின் மாதிரித் தாள் வந்துவிட்டது.

"அதுக்குள்ள அம்புட்டையும் கோத்துட்டீகளா?"

"எங்கய்யா கோத்தேன்? நீங்க வையிறீகளே ஆளுறவுக, போன தேர்தல்ல அவுகளுக்குக் கோத்தது. அடிச்சு முடிச்சதும் ஈய எழுத்தையெல்லாம் பிரிச்சுப் பெட்டியில போடணும். திரும்ப வேண்டியிருக்கும்னு அப்படியே வச்சிருந்தேன். பேரையும் சின்னத்தையும்தான் மாத்துனேன்."

வேட்பாளர் தாளில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் பிரிக்கப் போறதில்லைய்யா."