பன்வில வீரம்மாவின் போட்டி நாய்

அந்த நாய்க்கு வம்சமும் கிடையாது, வாலும் பாதிதான். ஆனாலும் கழுத்தில் புதுத் துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கண்டி நாய்க் கண்காட்சிக்கு வந்த சாதி நாய்களின் வரிசையில் அதுவும் நின்றது.

கூட்டி வந்தவள் பன்வில தோட்டத்து வீரம்மா. மரக்கறி லொறியில் ஏறி, நாயை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வாசல் மேசையில் பாலாம்பிகை. நகரசபையில் கிளாக்கர். கண்காட்சி வேலைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. விதிகள் அச்சடித்த தாளை முந்தின நாளே மனப்பாடம் செய்துவிட்டாள். சட்டம் என்றால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

வீரம்மாவின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். ஒரு மாதம் முன்பே தபாலில் வந்திருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. இனம் என்ற இடத்தில் நாட்டு நாய். நாயின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னம்மா இது, நாய்க்குப் பேர்கூட எழுதலயே?"

"மணின்னு கூப்பிடுவோம் மிஸ்."

"இது சாதி நாய்ங்களுக்கு நடத்துற போட்டி. துவாயக் கட்டிவிட்டா சரியா?"

வீரம்மா துவாயை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். பின்னால் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு நின்ற நகைக்கடைக்காரர் மனைவி புஷ்பம், "ஆசை யார விட்டுச்சு" என்று சிரித்தாள்.

பாலாம்பிகைக்குக் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம். உள்ளே விட்டால் நாய்களைப் பரிசோதிக்கும் பேராதனை மிருக டாக்டர் திருச்செல்வத்திடம் போக வேண்டும். அவர் வாய் பொல்லாத வாய். காதுக்குப் பின்னால் ஒரே ஓர் உண்ணி இருந்ததற்காக, காலையில் ஒரு கோப்பி வியாபாரியின் நாயையே திருப்பி அனுப்பியவர். இவளை என்ன பாடு படுத்துவாரோ.

"பேசாம வீட்டுக்குப் போயிருங்க. டாக்டர்கிட்ட போய் எதுக்கு அவமானப்படணும்?" என்று விண்ணப்பத்தை மடித்தாள்.

வீரம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க மிஸ். டாக்டர் ஐயா ஒரு தரம் பாத்துட்டு வேணான்னு சொல்லட்டும். நான் போயிர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்கா இத்தனை கெஞ்சல்? பாலாம்பிகைக்குப் புரியவில்லை.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "பிள்ளை, ஏழாம் விதி என்ன சொல்லுது?"

தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். விண்ணப்பம் வந்த எந்த நாயையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. நோய் கண்டால் சிகிச்சை அளித்த பிறகே அனுப்ப வேண்டும்.

"பிறகென்ன? நாயைக் கொண்டு வாங்கோ."

மேசையில் ஏற்றி அவர் துவாயை அவிழ்த்ததும் புஷ்பத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த காயம், சீழ் பிடித்திருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டி ஒன்பது நாளாம். மஞ்சள் அரைத்துப் போட்டும் ஆறவில்லையாம். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லையாம். இன்றைக்கு விட்டால் நாய் பிழைக்காது என்று தெரிந்துதான் லொறி ஏறியிருக்கிறாள்.

டாக்டர் வாயால் வீரம்மாவைத் திட்டிக்கொண்டே, கையால் காயத்தைப் பூப்போலத் துடைத்தார். மருந்து போட்டார். இரண்டு ஊசி ஏற்றினார், ஒன்று விசர்நாய்த் தடுப்பூசி. அரைமணி நேரம், கப் வாங்க வந்த நாய்களெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன.

கடைசியில் ஒரு துண்டில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, பத்து நாள் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்.

"போன வருசமும் வெளியில, இந்த வருசமும் வெளியில. வெக்கமில்லையோ?"

"அடுத்த வருசமும் வருவேங்க ஐயா" என்று சிரித்தபடி வீரம்மா பதிவேட்டில் கைநாட்டு வைத்தாள். மணி தன் பாதி வாலை ஆட்டியது. கப் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அன்று அந்த மைதானத்தைவிட்டு அவளைப் போல நிறைந்த முகத்தோடு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பாலாம்பிகை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன வருடம் வீரம்மா, பன்வில, கண் பழுதான நாய். அதற்கு முந்தி கால் முறிந்தது. அதற்கும் முந்தி சொறி பிடித்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் எந்த நாய்க்கு முடியவில்லையோ அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளைப் போய்க் கப்புக்கு ஆசைப்பட்டவள் என்று நினைத்தோமே என்று பாலாம்பிகைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கைநாட்டுக்காரிக்கு விண்ணப்பம் எழுதித் தபாலில் போட்டது யார்?

"பிள்ளை, வெறும் விண்ணப்பம் ஒண்டு தாங்கோ" என்று டாக்டர் வந்து நின்றார். வாங்கி, நின்றபடியே எழுதினார். வீரம்மா, பன்வில. நாட்டு நாய். டாக்டர் எழுத்து என்று யாரும் நம்பமாட்டார்கள், அப்படி முத்து முத்தாக இருந்தது.

மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனவரிடம், "நாயோட பேர் எழுதலியே சேர்" என்றாள் பாலாம்பிகை, மெதுவாக.

"அடுத்த வருசம் எந்த நாய்க்குச் சுகமில்லாமல் வரும் எண்டு எனக்கு இப்பவே எப்பிடிப் பிள்ளை தெரியும்?"