மாப்பிள்ளை கையில் ரூட்

ஐந்து மணி நேரம் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்த என் மகள் யாழினிக்கு, முகம் பார்த்துத் திறக்கும் எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவு திறக்கவில்லை.

கணினியில் பார்த்தேன். வீட்டு ஆட்களின் பதிவான டைரக்டரியில் அவள் பெயர் இருந்தது, முகமும் சரி. கதவு திறப்பது குடும்பம் என்ற குரூப்புக்கு மட்டும்; அதில்தான் அவள் இல்லை. தாரை வார்த்த கையோடு, ஊர் வழக்கப்படி, நானே அவளை அதிலிருந்து எடுத்துப் புகுந்த வீட்டுக் குடும்பத்தில் சேர்த்திருந்தேன்.

"திரும்பச் சேருங்கப்பா," என்றாள், கால் மாற்றி நின்றபடி.

சேர்க்கப் பார்த்தேன். உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது திரை.

"ரூட், அதான் யாரையும் சேர்க்குற நீக்குற அதிகாரம், யார்கிட்ட இருக்கு?"

"தலை தீபாவளிக்கு மோதிரத்தோட மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன்மா."

"மாப்பிள்ளை நேத்தே வந்துட்டார். ரூம்ல தூங்குறார்டி, எழுப்பினா மரியாதையா இருக்காது," என்றாள் என் மனைவி கோமதி.

யாழினி அறைக் கதவை உதைத்தாள். "டேய் பிரதீப், எந்திரி. எங்கப்பன் வீட்டுக் கக்கூசுக்கு நீ என்னடா முதலாளி?"

மாப்பிள்ளை பதறி எழுந்து ரூட்டையே அவள் பெயருக்கு மாற்றினார். அவள் தன்னைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு, அவரை நீக்கிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கழிப்பறை வாசலில் மாப்பிள்ளை நெளிந்துகொண்டிருந்தார். யாழினியை எழுப்பட்டுமா என்று கோமதியிடம் கேட்டேன்.

"தூங்கட்டும் விடுங்க," என்றாள். "பொறந்த வீட்டுக்கு வந்த புள்ள."