கிழங்கில்லாத தீவு

கடல் ஏறி வயல்கள் உப்பாகிப் போன காலத்தில், நிவாரணக் கப்பல் ஒன்று ஆளிருந்த தீவுகளுக்கெல்லாம் மரவள்ளித் தடிகளை இறக்கிவிட்டுப் போனது. இரண்டு தலைமுறைக்குள் சங்குத்தீவில் கிழங்கு மஞ்சளானது, கொக்குத்தீவில் சிவந்தது. தங்களுடையதே ஆதிக் கிழங்கு என்று இரு தீவாரும் நம்பினார்கள்.

கொக்குத்தீவுக் கல்யாணப் பந்தலில் மணப்பெண் யாழிசை, சங்குத்தீவு மாப்பிள்ளை நிலவனுக்குச் சிவப்புக் கிழங்கை ஊட்டப் போனாள். அவன் தகப்பன் தட்டிவிட்டார்.

"வந்தேறிக் கிழங்கை என்ர பிள்ளை தின்னான்!"

பெண்ணின் தகப்பன் தன் கிழங்குக்கும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கிழங்குக்கும் நேரே மரபணு பார்க்கும் கைபேசியைக் காட்டினார். இரண்டுக்கும் தாய்ச்செடி ஒன்றுதான் என்றது அது.

"பாத்தியளே, எங்கடதைக் களவெடுத்திருக்கிறியள்!" என்று இரண்டு தகப்பன்மாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் நிலவன் தாலியைக் கட்டிவிட்டுக் கிழங்கையும் வாங்கித் தின்றான். மணமக்களுக்கு இனித் தங்கள் மண்ணில் இடமில்லை என்று இரு தீவாரும் முதன்முறையாக ஒற்றுமையாக முடிவெடுத்தார்கள்.

"எங்க இறக்க?" என்றார் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட படகோட்டி.

"கிழங்கே இல்லாத தீவு இருக்கோ, அண்ணை?" என்று கேட்டாள் யாழிசை.

"இருக்கு. அங்க என்னத்தைத் தின்னப்போறியள்?"

அவள் சேலைக்குள்ளிருந்து கொக்குத்தீவுத் தடியை எடுத்தாள். நிலவன் வேட்டி மடிப்பிலிருந்து சங்குத்தீவுத் தடியை எடுத்தான். எதை முதலில் நடுவது என்று படகிலேயே இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கியது.