பத்து பாஸ்

"கண்ணை மூடாதன்னு எத்தனை தடவை சொல்றது? பந்து என்ன கடிச்சா வைக்கும்?"

"வேகமா வருதே."

"மெதுவாத்தான் போடறேன். விரலை விரிச்சு நெஞ்சுக்கு நேரா வை. பந்து வந்ததும் கையை உள்ள இழுத்துக்கணும். கம்பம் மாதிரி நிக்கக்கூடாது."

பத்து பாஸை நழுவவிடாமல் பிடித்தால்தான் நாளை இறுதிப் போட்டிக்கு மைதானத்துக்குள் அனுமதி என்பது விதி. இது கடைசி வாய்ப்பு. ஏழு பந்துகள் ஒழுங்காகக் கைக்கு வந்தன. எட்டாவது மூக்கில் மோதிவிட்டு உருண்டோடியது.

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"போன மேட்ச்ல நானும் அதைத்தான் சொன்னேன். 'கையில எண்ணெயா தடவியிருக்க'ன்னு ஊரே கேக்கக் கத்தினது யாரு?"

அம்மா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடைப்பந்து கற்றுக்கொடுக்கும் பெற்றோருக்காகக் கோச் புதிதாகக் கொண்டுவந்த விதி அது. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை போடேன்டி, கண்ணு."

ஒன்பது வயது மகள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நீ வீட்லயே இரும்மா. ஜெயிச்சமா இல்லையான்னு வந்து சொல்றேன். அடுத்து யாரு, பன்னெண்டாம் நம்பரோட அப்பாவா? வாட்சைக் கழட்டி வெச்சுட்டு வாங்க அங்கிள்."